38 டிகிரி அறையில் 16 கோர் செயலி: நீண்ட ரெண்டரின்போது வெப்பத்தை எப்படிக் கட்டுப்படுத்துவது?

வைகைவடிவம் (மதுரை)

அனைவருக்கும் வணக்கம். கட்டடங்களுக்கு முப்பரிமாணக் காட்சிப் படங்கள் செய்து தரும் சிறிய அலுவலகம் ஒன்றை நடத்தி வருகிறேன். நாங்கள் பயன்படுத்தும் கொரோனா ரெண்டரர் கிராபிக்ஸ் கார்டைச் சாராமல் செயலியைக் கொண்டே படத்தைக் கணிப்பதால், ஏஎம்டி ரைசன் 9 7950எக்ஸ் செயலியை வாங்கினோம். ஆறு ஹீட்பைப்புகளும் இரண்டு 120 மி.மீ. விசிறிகளும் கொண்ட காற்றுக் கூலரைப் பொருத்தியிருக்கிறோம்.

மார்கழியில் எந்தக் குறையும் தெரியவில்லை. இப்போது மாலையில் ஏசியை நிறுத்திய பிறகு அறையின் வெப்பநிலை 38 டிகிரி வரை போகிறது. ரெண்டரைத் தொடங்கிய சில வினாடிகளிலேயே செயலி 95 டிகிரியைத் தொட்டு, வேலை முடியும் வரை அங்கேயே நிற்கிறது. ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருள் 185 வாட், 4.8 கிகாஹெர்ட்ஸ் என்று காட்டுகிறது. குளிர்காலத்தில் இதே வேலைக்கு 5.0 கிகாஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே ஓடியது. விசிறிகளின் இரைச்சலும் தாங்க முடியவில்லை.

கடைக்காரர் 360 மி.மீ. வாட்டர் கூலரை மாற்றுவதுதான் ஒரே வழி என்கிறார். அது அவசியமா? நாள்தோறும் மணிக்கணக்கில் 95 டிகிரியில் ஓடினால் செயலியின் ஆயுள் குறையுமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

---

கொங்குப்பொறி (கோயம்புத்தூர்)

வணக்கம் நண்பரே. மின்சக்தி, கிளாக் (செயலி இயங்கும் வேகம்), அறை வெப்பநிலை மூன்றையும் சேர்த்து எழுதியதற்கு முதலில் நன்றி. பெரும்பாலானோர் டிகிரியை மட்டும் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அதை வைத்து யாராலும் எதையும் சொல்ல முடியாது.

2022 செப்டம்பரில் வெளியான ரைசன் 7000 வரிசையில் 95 டிகிரி என்பது எச்சரிக்கை மணி அன்று. அது ஒரு இலக்கு. அனைத்துக் கோர்களும் உழைக்கும்போது, 230 வாட் என்ற மின் வரம்பையோ 95 டிகிரி என்ற வெப்ப வரம்பையோ எது முதலில் வருகிறதோ அதைத் தொடும் வரை கிளாக்கை உயர்த்திக்கொண்டே போகும்படி ஏஎம்டி இதை வடிவமைத்திருக்கிறது. இந்த வெப்பநிலையில் இடைவிடாமல் இயங்கலாம் என்றும் அந்த நிறுவனமே கூறியிருக்கிறது. ஆகவே, ஆயுளைப் பற்றிய அச்சத்தை முதலில் ஒதுக்கி வைக்கலாம். உங்கள் செயலி 95 டிகிரியைத் தாண்டாமல் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. நீங்கள் இழப்பது அந்த 0.2 அல்லது 0.3 கிகாஹெர்ட்ஸைத்தான்.

உங்கள் எண்களிலிருந்தே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அறை 38, செயலி 95, வேறுபாடு 57 டிகிரி. அதை 185 வாட்டால் வகுத்தால், ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 0.31 டிகிரி வருகிறது. செயலியின் சிலிக்கானிலிருந்து அறைக் காற்று வரை வெப்பம் கடந்து வரும் பாதையின் மொத்தத் தடை இதுதான். விசிறியின் வேகத்தையும் செயலியின் எந்தப் பகுதி உழைக்கிறது என்பதையும் பொறுத்து இது மாறும் என்றாலும், திட்டமிடுவதற்குப் போதுமான எண்.

இதே தடையோடு, ஏசி ஓடும் 25 டிகிரி அறையில் கணக்கிட்டால் 95 டிகிரிக்குள் 226 வாட்டை வெளியேற்ற முடியும். அதாவது ஏறத்தாழ முழு மின் வரம்பு. மார்கழியில் குறை தெரியாததற்குக் காரணம் அதுவே. உங்கள் கூலர் பழுதாகவில்லை, அறைதான் மாறியிருக்கிறது. மின்சக்தியை 142 வாட்டாகக் குறைத்தால், இதே 38 டிகிரி அறையிலும் செயலி 82 டிகிரியை ஒட்டி நிற்கும். 88 வாட்டாகக் குறைத்தால் 65 டிகிரி.

இந்த இரண்டு எண்களையும் நான் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கவில்லை. செயலியின் மின் வரம்பைக் குறைக்கும் ஏஎம்டியின் ஈகோ மோடில் 105 வாட் என்று தேர்ந்தெடுத்தால் செயலிக்குச் செல்லும் உண்மையான வரம்பு 142 வாட். 65 வாட் என்று தேர்ந்தெடுத்தால் 88 வாட். பயாஸிலோ ரைசன் மாஸ்டர் மென்பொருளிலோ இதை மாற்றலாம். பணம் செலவழிப்பதற்கு முன் இதைச் சோதித்துப் பாருங்கள் என்பதே என் பரிந்துரை.

---

நீரோட்டம் (சென்னை)

கொங்குப்பொறி ஐயாவின் விளக்கத்தை மதிக்கிறேன். ஆனால், முடிவோடு உடன்பட முடியவில்லை. தொழிலுக்காக 16 கோர் செயலியை விலை கொடுத்து வாங்கிய ஒருவரிடம் அதன் சக்தியைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது சரியான தீர்வாகாது. நல்ல 360 மி.மீ. ரேடியேட்டரில் உள்ள மூன்று விசிறிகளும் வெளிக்காற்றை நேராகப் பெறும். கிராபிக்ஸ் கார்டின் சூட்டில் கலந்த காற்றை அவை இழுக்க வேண்டியதில்லை. ரேடியேட்டரை முகப்பிலேயே பொருத்தி வெளிக்காற்றை உள்ளிழுக்கச் செய்தால், அந்தத் தடையை 0.31இலிருந்து கணிசமாகக் குறைக்கலாம். வாடிக்கையாளருக்கு மறுநாள் காலையில் படம் தர வேண்டிய அலுவலகத்தில் ஒவ்வொரு நிமிடமும் பணம்தான்.

ஒரேயொரு எச்சரிக்கை: முகப்பில் பொருத்தும்போது ரேடியேட்டரின் மேல் விளிம்பு பம்பை விட உயரத்தில் இருக்க வேண்டும். இல்லையெனில், சுற்றுக்குள் இருக்கும் காற்று பம்பில் சேர்ந்து சத்தத்தையும் தேய்மானத்தையும் உண்டாக்கும்.

---

கொங்குப்பொறி

நீரோட்டம் அவர்களே, ரேடியேட்டரைப் பற்றி நீங்கள் எழுதியதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால், இந்தக் குறிப்பிட்ட செயலியில் தடையின் பெரும்பகுதி ரேடியேட்டரில் இல்லை, அதற்கு முன்பே இருக்கிறது.

7950எக்ஸின் 16 கோர்களும் தலா 70 சதுர மி.மீ. அளவுள்ள இரண்டு சில்லுகளில் அடங்கியிருக்கின்றன. இருநூறு வாட் அளவிலான வெப்பம், கட்டைவிரல் நகத்தை விடச் சிறிய அந்த இரண்டு பரப்புகளிலிருந்து கிளம்பி, மேலே உள்ள உலோக மூடியைக் கடந்து, தெர்மல் பேஸ்டைக் கடந்து, அதன் பிறகே கூலரின் அடித்தளத்தை அடைய வேண்டும். முந்தைய ஏஎம்4 சாக்கெட்டுக்கான கூலர்களே பொருந்த வேண்டும் என்பதால், இந்த வரிசை பயன்படுத்தும் ஏஎம்5 சாக்கெட் செயலிகளின் மூடி தடிமனாகவே அமைந்துவிட்டது. இந்தப் பகுதியில் வெப்பம் தேங்குவதை, கூலர் காற்றால் இயங்கினாலும் நீரால் இயங்கினாலும் மாற்ற முடியாது. மேலும், சில்லுகள் மூடியின் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கின்றன. அதனால்தான் நாக்டுவா நிறுவனம் கூலரை 7 மி.மீ. நகர்த்திப் பொருத்தும் கம்பிகளைத் தனியாக வெளியிட்டது. அதிலேயே 1 முதல் 3 டிகிரி வரை குறையும் என்று அந்நிறுவனம் கூறுகிறது.

நீர் அறையின் வெப்பநிலைக்குக் கீழே போக முடியாது என்பதையும் மறந்துவிடக் கூடாது. ரெண்டர் தொடங்கிய முதல் சில நிமிடங்களில் நீர் மெதுவாகச் சூடேறுவதால் வாட்டர் கூலர் பெரிய முன்னேற்றத்தைக் காட்டும். பத்து நிமிடத்தில் முடியும் சோதனைகளை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். நீர் சமநிலையை அடைந்த பிறகு கிடைக்கும் எண்ணே மணிக்கணக்கில் ஓடும் வேலைக்குப் பொருந்தும்.

அடுத்தது, சக்தியைக் குறைப்பதால் என்ன இழக்கிறோம் என்ற கேள்வி. செயலியின் இயக்கச் சக்தி கிளாக்கோடு நேர் விகிதத்திலும் வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறுகிறது. கிளாக்கின் கடைசிப் படிகளை எட்டுவதற்கு வோல்டேஜை மிகவும் உயர்த்த வேண்டியிருப்பதால், அந்தப் படிகளுக்கான விலை அதிகம். கிளாக் 6 சதவீதமும் வோல்டேஜ் 10 சதவீதமும் குறைவதாக வைத்துக்கொள்ளுங்கள்: 0.94 × 0.90 × 0.90 என்பது 0.76. வேகத்தில் 6 சதவீதத்தை விட்டுக்கொடுத்தால் வெப்பத்தில் கால்பங்கு போய்விடுகிறது. இதை நான் சக்தியைக் குறைப்பது என்று பார்க்கவில்லை. அந்தக் கடைசி 6 சதவீதத்தை உங்கள் செயலி இந்தக் கோடையில் ஏற்கெனவே வெப்பத்துக்குப் பறிகொடுத்துவிட்டது.

---

காவிரிக்கரைப்_பொறியாளர் (திருச்சிராப்பள்ளி)

தொழிற்சாலைகளின் காற்றோட்ட அமைப்புகளில் பணிபுரிபவன் என்ற முறையில் ஒரு கேள்வி: கேபினட் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, அதன் முகப்பு எப்படிப்பட்டது?

இருவரும் செயலிக்கும் கூலருக்கும் இடையிலான பாதையைப் பேசுகிறீர்கள். கூலர் எந்தக் காற்றை உள்ளிழுக்கிறது என்பதை அதற்கு முன்பே பார்க்க வேண்டும். அந்தக் கணினி முழுவதுமாக 300 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது என்று கொள்வோம். கேபினட்டுக்குள் வரும் காற்று வெளியேறும்போது 5 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்றால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 3 கன மீட்டர் காற்று உள்ளே வந்து வெளியே போக வேண்டும். 10 டிகிரி வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றால் அதில் பாதி போதும். விசிறிப் பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும் காற்றளவு எந்தத் தடையும் இல்லாத வெளியில் அளக்கப்பட்டது. தூசி வடிகட்டிக்கும் கண்ணாடி முகப்புக்கும் பின்னால் அதே விசிறி அந்த அளவைத் தராது.

நம் ஊரின் கம்ப்யூட்டர் மேசைகள் எனக்கு எப்போதும் கவலை தருபவை. கணினியை வைப்பதற்கென்று மூன்று பக்கமும் பலகையால் அடைத்த ஒரு அறையைச் செய்திருப்பார்கள். பின்புறம் வெளியேறும் சூடான காற்று சுவரில் மோதி, பக்கவாட்டில் வளைந்து, மீண்டும் முகப்புக்கே வந்து சேரும். அப்படிப்பட்ட மேசையில், அறை 38 டிகிரியாக இருந்தாலும் கூலரைப் பொறுத்தவரை அது 45 டிகிரி உலகம். எனவே, வெப்பமானியை அறையின் நடுவில் வைக்காமல், கேபினட்டின் முகப்புக்கு ஒரு சாண் தொலைவில் வைத்து அளந்து பாருங்கள்.

---

வைகைவடிவம்

ஐயா, நீங்கள் விவரித்தபடியேதான் எங்கள் மேசை இருக்கிறது. கேபினட்டின் முகப்பும் ஓரங்களில் மட்டும் குறுகிய இடைவெளி விட்ட கண்ணாடிதான். வெப்பமானியை நீங்கள் சொன்ன இடத்தில் வைத்து, ரெண்டர் ஓடும்போது பார்த்தேன்: 42 டிகிரி. அறையின் மறு மூலையில் 38.

கணினியை மேசையிலிருந்து வெளியே எடுத்து, சுவரிலிருந்து இரண்டு அடி தள்ளித் தரைக்கு மேல் ஒரு சிறிய பலகையில் வைத்தேன். முகப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வடிகட்டியை மட்டும் விட்டிருக்கிறேன். வேறு எதையும் மாற்றாமல் அதே காட்சியை மீண்டும் ரெண்டர் செய்தேன். வெப்பநிலை பழையபடி 95 டிகிரிதான். ஆனால், மின்சக்தி 200 வாட்டாகவும் கிளாக் 4.9 கிகாஹெர்ட்ஸாகவும் உயர்ந்திருக்கின்றன. 62 நிமிடம் எடுத்த படம் 60 நிமிடத்தில் முடிந்தது. டிகிரி மாறாமலேயே குளிர்விப்பு மேம்பட முடியும் என்பது இப்போதுதான் தெளிவாகப் புரிகிறது.

ஈகோ மோடை நாளை சோதிக்கிறேன்.

---

வடமராட்சி_நிரலர் (பருத்தித்துறை)

இழையைத் தொடக்கத்திலிருந்து வாசித்தேன். மிகவும் பயனுள்ளதாக இருக்கிறது. என்னிடம் இருப்பது இன்டெல் கோர் ஐ9-13900கே. லினக்ஸில் பெரிய நிரல்களைக் கம்பைல் செய்யும் வேலை. அனைத்துக் கோர்களும் இயங்கும்போது 100 டிகிரியைத் தொடுகிறது. ரைசனுக்குச் சொன்னவை இதற்கும் பொருந்துமா? 13ஆம், 14ஆம் தலைமுறைச் செயலிகள் சூட்டினால் பழுதாகின என்று பலர் எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் அமைதியாக இல்லை. மின்தடை நேரத்தில் யுபிஎஸ் நீண்ட நேரம் தாங்க வேண்டிய தேவையும் எனக்கு இருக்கிறது.

---

கொங்குப்பொறி

தம்பி, அடிப்படைக் கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான். உங்கள் செயலிக்கு இன்டெல் குறித்திருக்கும் அடிப்படைச் சக்தி 125 வாட், உச்ச டர்போ சக்தி 253 வாட், வெப்ப வரம்பு 100 டிகிரி. ஆனால், பல மதர்போர்டுகள் இந்த வரம்பை 4095 வாட் என்று, அதாவது வரம்பே இல்லாதபடி, முன்னிருப்பாக அமைத்து வந்தன. அப்படி இருந்தால் எந்தக் கூலரைப் பொருத்தினாலும் செயலி 100 டிகிரியை நோக்கியே ஓடும். லினக்ஸில் டர்போஸ்டாட் கருவியை இயக்கி, எத்தனை வாட் போகிறது என்று முதலில் பாருங்கள். பிறகு, பயாஸில் இன்டெலின் முன்னிருப்பு அமைப்பைத் தேர்ந்தெடுத்து, நீண்டநேர வரம்பான பிஎல்1, குறுகியநேர வரம்பான பிஎல்2 இரண்டையும் உங்கள் அறைக்குத் தக்கபடி குறையுங்கள். கம்பைல் வேலைக்கு இரண்டையுமே 125 முதல் 160 வாட்டுக்குள் வைக்கலாம் என்பது என் கருத்து.

அந்தப் பழுதுகளைப் பொறுத்தவரை, வெறும் சூட்டை மட்டும் குற்றம் சொல்வது சரியில்லை. செயலி அளவுக்கு மீறிய வோல்டேஜைக் கேட்கும்படி, செயலிக்குள் இயங்கும் அடிப்படை நிரலான மைக்ரோகோடில் இருந்த குறையை 2024 ஜூலையில் இன்டெல் ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் 0எக்ஸ்129, செப்டம்பரில் 0எக்ஸ்12பி ஆகிய மைக்ரோகோடுகள் வந்தன. உயர்ந்த வோல்டேஜும் உயர்ந்த வெப்பமும் சேரும்போது கோருக்குள் இருக்கும் கிளாக் சுற்று முதுமையடைகிறது என்பதே அவர்கள் தந்த விளக்கம். உத்தரவாதமும் இரண்டு ஆண்டுகள் நீட்டிக்கப்பட்டது. எனவே, உங்கள் பயாஸ் அந்தத் தேதிகளுக்குப் பிந்தையதா என்று இன்றே பாருங்கள்; கூலரைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம். மைக்ரோகோடு மேலும் பழுதாவதைத் தடுக்குமே தவிர, ஏற்கெனவே பழுதான செயலியைச் சரிசெய்யாது. கம்பைல் காரணமின்றி இடையில் முறிந்தால் உத்தரவாதத்தைப் பயன்படுத்துங்கள்.

யுபிஎஸ்ஸுக்கும் இதே வழி உதவும். சந்தையில் கிடைக்கும் 600 விஏ யுபிஎஸ்கள் பல 360 வாட் மட்டுமே தாங்குபவை. செயலி மட்டும் 250 வாட் இழுத்தால், மானிட்டரையும் மற்றவற்றையும் சேர்த்து அந்த எல்லைக்கு அருகில் போய்விடும்.

---

நீரோட்டம்

மேசையிலிருந்து வெளியே எடுத்ததன் பலனைப் பார்த்த பிறகு, முதலில் காற்றோட்டத்தைச் சரிசெய்ய வேண்டும் என்பதை முழுமனதோடு ஏற்கிறேன். வேகத்தை விட்டுக்கொடுக்க விரும்பாதவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. ரைசன் செயலிகளில், பயாஸின் கர்வ் ஆப்டிமைசர் என்ற அமைப்பின் வழியாக ஒவ்வொரு கோரும் கேட்கும் வோல்டேஜைச் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். அதே வாட் வரம்புக்குள் கிளாக் உயரும்.

ஆனால், தொழில் கணினியில் இதைப் பொறுமையாகச் செய்ய வேண்டும். அளவு மீறினால் கணினி உடனே நின்றுவிடும் என்று எண்ண வேண்டாம். சுமை குறைந்திருக்கும் நேரத்தில், ஒரேயொரு கோர் உச்சக் கிளாக்குக்குத் தாவும்போதுதான் பிழை வெளிப்படும். ஆகவே, அனைத்துக் கோர்களையும் ஒன்றாக உழைக்க வைக்கும் சோதனை மட்டும் போதாது. கோர்களை ஒவ்வொன்றாகவும் சோதிக்க வேண்டும். விண்டோஸ் நிகழ்வுப் பதிவில் டபிள்யூஹெச்இஏ என்ற வன்பொருள் பிழை ஒன்று வந்தாலும் பின்வாங்கிவிடுங்கள்.

---

வைகைவடிவம்

சோதனை முடிவுகளைப் பதிவிடுகிறேன். எல்லாவற்றிலும் அதே காட்சி, அறை 38 டிகிரியை ஒட்டி, கணினி மேசைக்கு வெளியே.

ஈகோ மோட் இல்லாமல்: 95 டிகிரி, 200 வாட், 60 நிமிடம். ஈகோ மோட் 105: 79 டிகிரி, 142 வாட், 63 நிமிடம். ஈகோ மோட் 65: 64 டிகிரி, 88 வாட், 74 நிமிடம்.

மேசைக்குள் அடைபட்டு, 185 வாட்டில், 95 டிகிரியில் இரைந்துகொண்டு 62 நிமிடம் எடுத்த அதே படம், இப்போது 142 வாட்டில் ஒரு நிமிடம் மட்டுமே கூடுதலாக எடுக்கிறது. மின்சாரக் கணக்கும் போட்டேன்: செயலிக்கு மட்டும் ஒரு படத்துக்கு ஏறத்தாழ 190 வாட்-மணி செலவானது, இப்போது 150 வாட்-மணியாகக் குறைந்திருக்கிறது. யாரும் காத்திருக்காத இரவு வேலைகளுக்கு 65ஐயும், பகலில் 105ஐயும் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்திருக்கிறேன். வாட்டர் கூலருக்கு ஒதுக்கிய தொகையில், முகப்பு முழுவதும் வலையாக உள்ள கேபினட்டையும் கூடுதலாக இரண்டு விசிறிகளையும் வாங்கப் போகிறேன்.

ஒரு சிக்கல் மட்டும் மீதி இருக்கிறது. சாதாரண வேலைகளில் ஏதாவது கோப்பைத் திறந்தாலே விசிறி ஒரு கணம் வேகமெடுத்து அடங்குகிறது. இதை எப்படி நிறுத்துவது?

---

காவிரிக்கரைப்_பொறியாளர்

சில்லு மிகச் சிறியதாக இருப்பதால் அதன் வெப்பநிலை ஒரு நொடிக்குள் 20 டிகிரி தாவும். கூலரின் உலோகம் அதற்குள் சூடாகியிருக்காது என்பதால் விசிறி உடனே வேகமெடுத்துப் பயனில்லை. பயாஸின் விசிறி அமைப்பில் தாமதத்தை அதிகப்படுத்துங்கள். சில மதர்போர்டுகளில் அதை ஸ்டெப்-அப் நேரம் என்று குறித்திருப்பார்கள். 65 டிகிரி வரை வேகம் மாறாமல் இருக்கும்படியும், அதற்கு மேல் சீராக உயரும்படியும் விசிறி வேகத்தின் வரைகோட்டை அமைத்துக்கொள்ளுங்கள். கேபினட் விசிறிகளைச் செயலியின் வெப்பநிலையோடு இணைக்காமல், வசதி இருந்தால் மதர்போர்டு உணரியோடு இணையுங்கள்.

புதிய கேபினட்டில் உள்ளிழுக்கும் விசிறிகள் வெளியேற்றுபவற்றை விடச் சற்று அதிகமாக இருக்கட்டும். அப்போது காற்று வடிகட்டி வழியாக மட்டுமே உள்ளே வரும். இடுக்குகள் வழியாகத் தூசியை இழுக்காது. வடிகட்டியை மாதம் ஒருமுறை தட்டிக் கழுவுங்கள். கூலரின் இதழ்களுக்குள் காற்றடித்துச் சுத்தம் செய்யும்போது விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.